முகத்தோடு வரவும்

அடையாள அட்டை அலுவலகத்தின் ஆறாவது கவுண்டரில் படம் எடுக்கிற பெண்ணுக்கு 'சிரிக்காதீங்க அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேர் வருவார்கள். ஒவ்வொருவரிடமும் அவள் சொல்வது இவ்வளவுதான்: "உக்காருங்க. தாடையக் கொஞ்சம் தூக்குங்க. இங்க பாருங்க. சிரிக்காதீங்க." சிரித்தால் இயந்திரம் படத்தை ஏற்காது, சிவப்பு விளக்கு எரியும். பத்தொன்பது வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி, கடைத்தெருவில் அவளுக்கு எதிரே வருகிறவர்கள்கூட சட்டென்று வாயை மூடிக்கொள்கிற நிலைமை வந்துவிட்டது. இந்த அம்மாவை எங்கே பார்த்தோம் என்று அவர்களுக்கு நினைவிருக்காது. வாய் மட்டும் தானாக மூடிக்கொள்ளும்.

அவளுக்கும் அவர்களை நினைவிருக்காது. அந்த நாற்காலியில் நாற்பது நொடிக்கு மேல் உட்கார்ந்தவர் யாருமில்லை. நாற்காலிக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறத் துணி, பக்கத்துச் சுவரில் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே கயிற்றில் கட்டிய ஒரு சீப்பு. அந்தச் சீப்பை எடுத்து அக்கறையாக வாரிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் வழுக்கைக்காரர்கள். இவ்வளவுதான் அவளுடைய உலகம். அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. தங்கையோடு ஒரு மாடி வீட்டில் குடியிருந்தாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. இப்போதெல்லாம் அதைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை. தங்கைக்குப் பல் செட் செய்து கொடுக்கிற வேலை. வீட்டிலேயே செய்வாள். சாப்பாட்டு மேசையில் பாதி இடத்தை யார் யாருடைய வாயோ அடைத்துக்கொண்டிருக்கும். ஒரே வீட்டில் ஒருத்தி பல் செய்கிறாள், இன்னொருத்தி பல்லைக் காட்டாதே என்கிறாள், வந்து வாய்த்த பொருத்தத்தைப் பார் என்று தங்கை அடிக்கடி சொல்லிக்கொள்வாள்.

எல்லாம் கெட்டது ஒரு புதன்கிழமை காலையில். தினமும் கவுண்டர் திறக்கும் முன் அக்கா வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஆளில்லாத நாற்காலியை ஒரு படம் எடுப்பாள். பார்த்துவிட்டு அழித்துவிடுவாள். அன்றைக்குப் படத்தை எடுத்த நேரத்தில் தங்கை போன் செய்தாள். கீழ்வரிசைப் பல் செட் ஒன்றைக் காணவில்லை, பன்னிரண்டு மணிக்கு ஆள் வருகிறார், நீ எடுத்தாயா என்றாள். உன் பல்லை நான் எதற்கு எடுக்கிறேன் என்று அக்கா எரிந்து விழுந்தாள். இருந்தாலும் ஒரு சந்தேகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தாள். பல் சோற்றின் மேல் உட்கார்ந்திருந்தது. அடுத்த பத்து நிமிஷம் அக்காளும் தங்கையும் போனில் போட்ட சண்டையில் நாற்காலிப் படத்தை அழிக்க மறந்துபோனாள்.

இயந்திரத்துக்கு நாற்காலிக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் தெரியாது. நாற்காலி சிரிக்கவும் இல்லை, அசையவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. முதல் படம் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டது. அதன் பிறகு வந்த அறுபது பேரின் படமும் ஒவ்வொரு இடம் தள்ளிப்போயிற்று. கடைசியில், தன்னுடைய அட்டையும் காலாவதியாகிறதே என்று அக்கா தானே நாற்காலியில் போய் உட்கார்ந்து, தானாக எடுக்கிற பொத்தானை அழுத்திவிட்டுத் தன்னையும் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அவள் அறுபத்தொன்றாவது ஆள்.

மூன்று வாரம் கழித்து அட்டைகள் தபாலில் போய்ச் சேர்ந்தன. முதலில் வந்து நின்றவர் ஒன்றாம் நம்பர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கு எடுக்கிறவர். ரொம்பவும் சாதுவான மனுஷர், குரலை உயர்த்தத் தெரியாதவர். அட்டையை எடுத்து ஆறாவது கவுண்டரில் வைத்தார்.

"அம்மா, பேரு சரியா இருக்கு. பிறந்த தேதி சரியா இருக்கு. ஆனா இதுல நான் எங்க இருக்கேன்?"

அக்கா பார்த்தாள். அட்டையில் காலி நாற்காலி இருந்தது.

"வீட்ல காட்டினேன்," என்றார் அவர். "என் வீட்டுக்காரி ஒரு ஜாடை இருக்குன்னுதான் சொல்றா. எதுக்கும் உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுடலாம்னு வந்தேன்."

அக்காவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவளுடைய சொந்த அட்டையும் வந்து இரண்டு நாளாகப் பைக்குள்ளே பிரிக்காமல் கிடந்தது. இப்போது பிரித்தாள். அவளுடைய பெயருக்கு மேலே, அடர்த்தியான மீசையும் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிய புருவமுமாக ஓர் ஆண்பிள்ளை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்ததை எழுதி எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனாள். தவறு என்னுடையது, நாற்காலிப் படத்தை நான் அழிக்கவில்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். அதிகாரி முழுதும் படித்துவிட்டு அந்தக் காகிதத்தை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், அது ஒரு தபால்தலை அளவுக்கு வரும்வரை மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இந்த அலுவலகத்தில் இதுவரை தவறு நடந்ததில்லை, ஆகவே தவறு நடந்தால் நிரப்ப வேண்டிய படிவமும் இல்லை, படிவம் இல்லாததால் தவறு நடக்க வழியில்லை என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். மறுநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. அட்டையில் குறை எதுவும் இல்லை; அட்டையிலுள்ள முகமும் அட்டைதாரரும் ஒருவரல்ல என்னும்போது, அட்டைதாரர் தமது முகத்தை உடன் அழைத்து வர வேண்டும். இதுதான் அதன் சாரம்.

யாரும் இதைக் கடைப்பிடிக்க மாட்டார்கள் என்றுதான் அக்கா நினைத்தாள். ஆனால் வாசலில் இருந்த காவலாளி சுற்றறிக்கையை நெட்டுருப் போட்டிருந்தார். பத்தொன்பது வருஷமாக அவளுக்குத் தினமும் வணக்கம் சொல்கிறவர் அவர். அன்றும் வணக்கம் சொன்னார். சொல்லிவிட்டு, கையை நீட்டி வழியை மறித்தார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க முகம் எங்க?"

"என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"உங்களத் தெரியும். அட்டைல இருக்கிறவரத்தான் தெரியல."

அக்கா நடைபாதையில் நின்றுகொண்டே அந்தப் புதன்கிழமைப் பட்டியலில் அறுபதாம் நம்பரைத் தேடிப் போன் செய்தாள். அரை மணி நேரத்தில் சைக்கிளில் வந்து இறங்கினார் ஒருவர். பூட்டு திறக்கிற தொழில். சாவியைத் தொலைத்துவிட்டு வெளியே நிற்கிறவர்களுக்குப் போய்க் கதவைத் திறந்து கொடுப்பார். மீசையும் தூக்கிய புருவமும் அட்டையில் இருந்தபடியே இருந்தன. காவலாளி அட்டையைப் பார்த்தார், பூட்டுக்காரரைப் பார்த்தார், திருப்தியாகி அக்காவை உள்ளே விட்டார். பூட்டுக்காரர் வெளியே நின்றுகொண்டார். அவர் வேலை அவ்வளவோடு முடிந்தது.

அன்றிலிருந்து தினமும் காலை எட்டே முக்காலுக்கு அவர் வாசலுக்கு வர வேண்டியதாயிற்று. அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு வாரம் லீவு போட்டுவிடுகிறேன் என்றாள். அவரோ அலட்டிக்கொள்ளவில்லை. அவருடைய நிலைமை அதைவிட மோசம். பூட்டைத் திறக்கும் முன் வீட்டுக்காரர்களிடம் அட்டையைக் காட்டுவது அந்தத் தொழிலின் சட்டம். அவருடைய அட்டையில் இருந்ததோ ஐம்பத்தொன்பதாம் நம்பர், நீச்சல் சொல்லிக்கொடுக்கிற ஒரு வாத்தியாரம்மா. ஆகவே யார் வீட்டுக் கதவைத் திறக்கப் போனாலும் பின்னாலேயே ஈரத் தலையோடு அந்த அம்மாவும் வந்து நிற்பார். ஒரு நாள் ஒரு வீட்டில், திறந்து விடுகிறவர் இவர், முகம் அவங்க, அப்படியானால் நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டார்களாம். வாத்தியாரம்மா, எனக்கே சொல்லுங்கள், நான்தான் சும்மா நின்றேன் என்றாராம்.

ஒன்றாம் நம்பர் மீட்டர்காரருக்கு மனுஷத் துணைக்கு வழியில்லை. நாற்காலியை வெளியே கொண்டுபோக அலுவலகம் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தது. அவர் அதை முதுகில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். கதவைத் திறக்கிறவர்கள் அட்டையைப் பார்ப்பார்கள், எட்டி முதுகுப் பக்கம் பார்ப்பார்கள், சரி வாங்க என்பார்கள். முதல் நாலு நாள் அழாத குறை. ஐந்தாவது நாள் முழங்கால் வலி தாங்காமல் ஒரு வீட்டு வாசலில் அதை இறக்கிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டே எழுதிய மனுஷர், அன்றைக்குத்தான் இந்த வேலையை உட்கார்ந்தும் செய்யலாம் என்று கண்டுகொண்டார். நாற்காலி இல்லாமல் அக்கா மட்டும் திண்டாடினாள். வருகிறவர்களை நிற்க வைத்தே படம் எடுத்தாள்.

இதற்கிடையில் இயந்திரத்தில் ஒரு முகம் மிச்சம் இருப்பதை அதிகாரி கண்டுபிடித்தார். அறுபத்திரண்டாவது படம். அதற்கு அட்டை இல்லை, பெயர் இல்லை. உரிமையாளர் இல்லாத முகம் அலுவலகத்தில் இருப்பது பாதுகாப்புக்கு ஆகாது என்று அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, 'இந்த முகத்துக்கு உரியவர் உடனே அணுகவும்' என்று வாசலிலும் படிக்கட்டிலும் லிஃப்டுக்குள்ளும் ஒட்டச் சொன்னார்.

அது அக்காவின் முகம். தானாக எடுக்கிற பொத்தான் அவள் நினைத்ததைவிட ஒரு நொடி முன்னால் எடுத்துவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறக்கப்போகிற மாதிரி, கண்கள் கொஞ்சம் அகலமாக, நெற்றியில் ஒரு முடிக்கற்றை விழுந்தபடி இருந்தாள். பசை வாளியோடு வந்து அதை ஒட்டிய கடைநிலை ஊழியர், கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவளிடமே ஒரு முனையைக் கொடுத்தார். இரண்டாம் கவுண்டர்க்காரர், பாவம் யாரோ, வீட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள் என்று அவளிடமே வருத்தப்பட்டார். அக்கா ஆமாம் என்றாள். அது நான்தான் என்று சொல்ல முதல் நாள் நாக்கு எழவில்லை. இரண்டாம் நாள், ஒருவராவது கண்டுபிடிக்கிறார்களா பார்ப்போம் என்று ஒரு வீம்பு. மூன்றாம் நாள், யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று ஒரு பயம். வீட்டுக்கு வந்து தங்கையிடம் மட்டும் சொன்னாள். தங்கை வேலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், நீ அந்த ஆபீசில் பத்தொன்பது வருஷமாக யாரையாவது நிமிர்ந்து பார்த்திருக்கிறாயா என்று கேட்டாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டாள்.

நாலாவது நாள் காலை பூட்டுக்காரர் வழக்கம்போல வந்தார். காவலாளியிடம் முகத்தைக் காட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பும்போது சுவரைப் பார்த்தார்.

"இது நீங்கதானே?"

அக்கா படியில் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தாள்.

"நீங்கதான். தினமும் என்னப் பார்த்ததும் இப்படித்தான் ஏதோ சொல்ல வருவீங்க. அப்புறம் சொல்லாமலே உள்ள போயிடுவீங்க."

கூட்டத்துக்கு நடுவில் யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல அவளுக்கு இருந்தது. அங்கேயே, காவலாளிக்கு முன்னாலேயே, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நாற்காலிப் படம், பல் செட், போன் சண்டை, அதிகாரி மடித்து வைத்துக்கொண்ட காகிதம். உங்களை இப்படித் தினமும் அலைய வைத்தது நான்தான், எந்த முகத்தை வைத்துக்கொண்டு உங்களிடம் சொல்வது என்றுதான் இத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்தேன் என்றாள்.

"அதுவும் என் முகத்த வச்சுக்கிட்டுத்தான்," என்றார் பூட்டுக்காரர். பிறகு, தானும் ஒரு தடவை தப்பான வீட்டுப் பூட்டைத் திறந்துவிட்டதாகச் சொன்னார். உள்ளே ஒரு குடும்பம் டீ குடித்துக்கொண்டிருந்ததாம். எழுந்து ஓடுவார்கள் என்று பார்த்தால், உட்காருங்கள் என்று ஒரு கப் கொடுத்தார்களாம். குடித்துவிட்டு, கதவைப் பழையபடி பூட்டிக் கொடுத்துவிட்டு வந்தாராம். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். படிக்கட்டில் ஒட்டியிருந்த தன் முகத்தை அன்றைக்குத்தான் நின்று பார்த்தாள். பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

மதியமே அதிகாரியிடம் போய், அந்த முகம் என்னுடையது, எனக்கு அதைக் கொடுங்கள், எல்லாருக்கும் அவரவர் முகத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நின்றாள். அதிகாரி சுவரொட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நம் அலுவலகத்தில் இப்படி ஒரு முகம் இல்லையே என்றார். சாட்சி இருக்கிறது என்றாள் அக்கா. சாட்சி என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தவறைத் திருத்தப் படிவம் இல்லை. ஆனால் 'தோற்ற மாற்றம்' என்று ஒன்று இருந்தது. அதில் போடலாம் என்றார். கூடவே ஒரு குண்டையும் தூக்கிப் போட்டார். ஒரு முகம் ஒரே சமயத்தில் இரண்டு அட்டையில் இருக்கக் கூடாது. ஆகவே அறுபத்தொன்றாம் நம்பரிலிருந்து தொடங்கி ஒன்று வரைக்கும் பின்னோக்கித்தான் வர வேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் முகத்தோடு வர வேண்டும். எல்லாம் ஒரே நாளில் முடிய வேண்டும். நடுவில் ஒருவர் வராவிட்டால் அத்தனையும் பழையபடி ஆகிவிடும்.

அக்கா பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, தினமும் வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போனாள். போன் செய்து சொன்னால் புரியவில்லை, நேரில் போனால்தான் புரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் முதல் வார்த்தையாகத் தவறு என்னுடையது என்று சொன்னாள். திட்டினவர்களும் உண்டு. ஆனால் பல வீடுகளில் அவள் போகும்போதே அட்டைக்காரரும் முகக்காரரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்தி நாலாம் நம்பர் பல் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நாற்பத்தி மூன்று கூடப் போயிருக்கிறார், அங்கே அவருக்கும் ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இருபதாம் நம்பர் தன் சம்பந்தி வீட்டுக்குப் போன இடத்தில், மாப்பிள்ளை வீட்டார் பத்தொன்பதாம் நம்பருக்குத்தான் முதலில் பரிமாறினார்கள். நாற்பது நொடி மட்டும் பார்த்த முகங்களை அக்கா இப்போது ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பார்த்தாள். யாருக்கு இடது கண் துடிக்கும், யார் பேசும்போது காதைத் தொட்டுக்கொள்வார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது.

முட்டுக்கட்டை போட்டவர் பதினேழாம் நம்பர். சோப்பு ஆலையில் பெட்டி ஒட்டுகிறவர். ஐம்பது வயதுத் தனியாள். அவருடைய அட்டையில் இருந்தது பதினாறாம் நம்பர், தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறவர். பார்க்கிறவர்கள் இன்னொரு தடவை திரும்பிப் பார்க்கிற அழகு. பதினேழு கதவைப் பாதி மட்டும் திறந்து, நான் வரமாட்டேன் என்றார். இந்த அட்டையே இருக்கட்டும், இதைக் கொடுத்தால் எல்லாரும் இரண்டு கையாலும் வாங்குகிறார்கள், என் மூஞ்சி இருந்த அட்டையை மேசைமேல் எறிவார்கள் என்றார். அறுபது பேர் கஷ்டப்படுகிறார்களே என்று அக்கா சொன்னதற்கு, படட்டும் என்று விட்டார்.

அக்கா போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் வந்து கதவோரம் உட்கார்ந்தார். பதினாறாம் நம்பர் எப்படி ஆள் என்று அவள் கேட்டாள். அவ்வளவுதான், மனுஷர் பேச ஆரம்பித்துவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் வருவாராம். ஆலை வாசலில் முகத்தைக் காட்டிவிட்டு, சாயங்காலம் இங்கே வந்து கேரம் ஆடுவாராம். ஆட்டத்தில் சரியான ஏமாற்றுக்காரராம். தோற்றால் பலகையைக் கவிழ்த்துவிடுவாராம். இதையெல்லாம் ஒரு தகப்பன் பிள்ளையைப் பற்றிக் குறை சொல்கிற பெருமையோடு சொன்னார். பிறகு நிறுத்தினார்.

"அட்டைய மாத்திட்டா அவர் எதுக்கு வரணும்?"

பதினேழுக்குத் தன் மூஞ்சி பிரச்சினையில்லை என்று அக்காவுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

"வருவாருன்னு நான் வாக்கு குடுக்க முடியாது," என்றாள். "நீங்கதான் கேட்டுப் பாக்கணும். எனக்கும் ஒருத்தர்கிட்ட அப்படிக் கேக்க வேண்டியிருக்கு. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார். நீங்கள் கேட்டால் நானும் கேட்கிறேன் என்றார். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்தாள்.

குறித்த நாளில் அறுபது பேரும் வந்தார்கள். ஆறாவது கவுண்டரில் தொடங்கிய வரிசை படிக்கட்டு இறங்கி, வாசலைத் தாண்டி, காவலாளியின் கூண்டைச் சுற்றிக்கொண்டு நின்றது. கடைசியில் மீட்டர்காரர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வரிசை நகரும்போதெல்லாம் எழுந்து, நாற்காலியை ஓரடி தள்ளி, மறுபடி உட்கார்ந்தார். படம் புதிதாக எடுக்கத் தேவையில்லை. இருக்கிற படத்தோடு ஆளின் முகத்தை இயந்திரம் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். அதற்கு ஆள் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அங்கேதான் வில்லங்கம். முதல் ஆள் அக்காவே. சாட்சியாகப் பூட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். பழக்க தோஷத்தில் அக்கா இயந்திரத்துக்கு எதிரில் நின்றுகொண்டு, "இங்க பாருங்க, சிரிக்காதீங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பூட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரைப் பார்த்து நீச்சல் வாத்தியாரம்மா சிரித்தார். சிரிப்பு ஒவ்வொரு ஆளாகப் பின்னால் போய்ப் படிக்கட்டில் இறங்கி வாசல் வரை போயிற்று. என்ன விஷயம் என்று தெரியாமலே தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவுக்கும் அடக்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அடங்கினார்கள், மறுபடி நின்றார்கள், மறுபடி யாரோ ஒருவர் களுக்கென்றார். பதினொரு மணி வரை ஒரு முகம்கூட நகரவில்லை.

கடைசியில் அதிகாரி அறையை விட்டு வெளியே வந்தார். இது விளையாட்டில்லை என்று சொல்லி, விதிப் புத்தகத்தை எடுத்து முதல் அத்தியாயத்திலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். வரையறைகள். உட்பிரிவு ஒன்று. உட்பிரிவு ஒன்றின் விலக்குகள். இரண்டாவது பக்கத்துக்குள் வரிசையில் ஒரு முகத்திலும் உயிரில்லை. பச்சை விளக்கு எரிந்தது. அக்காவின் முகம் அக்காவுக்கு வந்தது. பூட்டுக்காரரின் முகம் பூட்டுக்காரருக்குப் போயிற்று. அதிகாரி தண்ணீர் குடிக்க நிறுத்தினால் எங்கேயாவது ஒரு சிரிப்பு கிளம்பியது. ஆகவே அவரை நிறுத்த விடவில்லை. பதினேழாம் நம்பர் வரும்போது அவர் ஒன்பதாவது அத்தியாயத்தில் இருந்தார். பதினாறும் பதினேழும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பதினேழு குனிந்து ஏதோ கேட்டார். பதினாறு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்து, ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடலாம் என்று பார்க்கிறீர்களா என்றார். விளக்கு சிவப்பாயிற்று. அதிகாரி அந்தப் பத்தியைத் திரும்பவும் படிக்க வேண்டி வந்தது.

நாலரை மணிக்கு மீட்டர்காரர் வந்தார். அவருடைய முகமான நாற்காலி சம்மதம் தெரிவித்துக் கைரேகை வைக்க வேண்டும் என்று இயந்திரம் கேட்டது. எல்லாரும் அதிகாரியைப் பார்த்தார்கள். தொண்டை கட்டிப்போயிருந்த அதிகாரி, அலுவலகச் சொத்துக்கு அலுவலகத் தலைவரே பொறுப்பு என்று கரகரத்து, நாற்காலிக்குப் பதிலாகத் தன் கட்டைவிரலை வைத்தார். முப்பது வருஷ சர்வீஸில் அவர் நாற்காலிக்காக எத்தனையோ செய்திருப்பார், இது மட்டும்தான் பாக்கி என்று இரண்டாம் கவுண்டர்க்காரர் பிற்பாடு சொன்னார். மறுநாள் சுவரில் அக்காவின் முகம் இருந்த இடத்தில் நாற்காலியின் படம் ஒட்டப்பட்டிருந்தது. உரியவர் உடனே அணுகவும். விசாரணை முடியும் வரை அந்த நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது என்று உத்தரவு. இன்றைக்கும் அங்கே நின்றுகொண்டுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

வரிசை கலைந்த சாயங்காலம் பூட்டுக்காரர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் போய் நின்றாள். பதினேழாம் நம்பர் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று, போங்கள் போங்கள் என்று கையைக் காட்டினார்.

"நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்," என்றாள் அக்கா.

"ஆமா."

"வந்தாலும் ஒண்ணுமில்ல."

அவர் யோசித்தார். எட்டே முக்காலுக்கு இங்கே வந்து நின்று பழகிவிட்டது, இனிமேல் அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியவில்லை என்றார். ஆனால் காலையில் வாசலில் நின்று பேசினால் காவலாளி காது கொடுத்துக் கேட்கிறார், அது ஒரு தொல்லை என்றும் சொன்னார். அதற்குள் நீச்சல் வாத்தியாரம்மா குறுக்கே வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்துகிறேன், இந்த வரிசையில் ஒன்பது பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள், நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள் என்று பட்டியலை நீட்டினார். அக்கா தன் பெயரை எழுதினாள். தங்கையைக் கேட்காமலே அவள் பெயரையும் எழுதினாள்.

தங்கை முதல் நாள் சண்டை போட்டாள், இரண்டாம் நாள் குளத்தில் இறங்கினாள். மூன்றாவது ஞாயிறு அக்கா முதன்முதலாக மல்லாந்து மிதந்தாள். காதுக்குள் தண்ணீர் புகுந்து யார் பேசுவதும் கேட்கவில்லை. மேலே வானம் மட்டும் இருந்தது. பூட்டுக்காரர் மூன்று வாரமாகியும் குளத்தின் விளிம்பை விடவில்லை. விட்டால் மூழ்கிவிடுவேன் என்று ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அக்கா மிதந்து போகாமல் அவள் குதிகாலைப் பிடித்திருந்தார்.